குட்டி யானைக்கு எந்த ஸ்டிக்கர்? வாசகர் கேள்வி – பதில்

வண்டி ஸ்டிக்கர், பிரிண்டிங் மெஷின், ஒட்டும் வேலை பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். கூண்டு கட்டிய குட்டி யானையில் (டாடா ஏஸ் வண்டி) இரண்டு பக்கமும் பின்கதவிலும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒரே வருடத்தில் ஓரமெல்லாம் சுருங்கி, சிவப்பு வெளுத்துப் போனது. மெஷின் சரியில்லை என்கிறார் ஒருவர், மை சரியில்லை என்கிறார் இன்னொருவர். அடுத்த வண்டிக்கு எந்த மெஷினில் அடிக்கச் சொல்ல வேண்டும்?

பதில்: மெஷினைக் கடைசியாகக் கேளுங்கள். வினைல் (ஸ்டிக்கராகும் பிளாஸ்டிக் தாள்) எது, அதன் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற லேமினேஷன் எது என்பதுதான் முதல் கேள்வி. ஓரம் சுருங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் வினைல்.

சாதாரண வினைல் 'மோனோமெரிக்' வகை. பி.வி.சி.யைச் சூடான உருளைகளுக்கு நடுவில் நசுக்கி, இழுத்துத் தகடாக்குகிறார்கள். இழுபட்ட பொருள் சூடு கண்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். போதாததற்கு, அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் மெல்ல வெளியேறிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் வினைல் நாலாபக்கமும் உள்ளே இழுக்க, ஓரத்தில் கறுப்புக் கோடாகப் பசை தெரியும், அதில் தூசி ஒட்டும், பிறகு மூலை நிமிரும். கடை போர்டுக்கும், ஆறு மாத விளம்பரத்துக்கும் இது போதும். வண்டிக்குப் போதாது.

அடுத்தது 'பாலிமெரிக்'. செய்முறை அதேதான், ஆனால் சேர்க்கும் மிருதுப் பொருள் சீக்கிரம் வெளியேறாது. சுருக்கம் குறைவு. கடைசி வகை 'காஸ்ட்'. திரவமாக ஊற்றி, இழுக்காமல் உலர்த்தி எடுப்பதால் அதற்குத் திரும்பிப் போகப் பழைய அளவு என்று ஒன்று கிடையாது. வளைவு, பள்ளம், ரிவெட் எல்லாவற்றிலும் படிந்து உட்காரும்.

விரலில் உருட்டிப் பார்த்து "தடிமனா இருக்கே, நல்ல சரக்கு" என்று வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மோனோமெரிக் 80 முதல் 100 மைக்ரான் இருக்கும், பாலிமெரிக் 70–80, காஸ்ட் 50 மைக்ரான்தான். மூன்றிலும் மெல்லியதுதான் நீண்ட நாள் உழைப்பது, விலை கூடியதும் அதுவே.

உங்கள் கூண்டு தட்டையான தகடு என்றால் காஸ்ட் தேவையில்லை. பாலிமெரிக் வினைலும் பாலிமெரிக் லேமினேஷனும் சரியான பொருத்தம். கூண்டுத் தகடு வரிவரியாக மேடு பள்ளமாக இருந்தால், அல்லது ஆம்னி, ஈகோ போன்ற வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டுவதாக இருந்தால் காஸ்ட் வாங்குங்கள். லேமினேஷனும் அதே வகையாக இருக்க வேண்டும். காஸ்ட் வினைல் மேல் மலிவான லேமினேஷனைப் போட்டால் மேலே உள்ளது சுருங்கி, கீழே உள்ளதையும் சேர்த்து இழுத்துவிடும். இப்படிப் பாதிப் பணத்தை மிச்சம் பிடித்து முழுப் பணத்தையும் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரக்கை நம்புவது எப்படி? வினைலின் பின்தாளில் கம்பெனிப் பெயரும் குறியீட்டு எண்ணும் இருக்கும் (3எம், ஏவரி, ஓராஃபோல் என்று). அந்த எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: ஒரு சாண் சதுரத் துண்டை அலுமினியத் தகட்டில் ஒட்டி, நடுவில் பிளேடால் கூட்டல் குறி போல ஒரு கீறல் போட்டு, மொட்டை மாடி வெயிலில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். கீறல் வாய் பிளந்து தகடு தெரிந்தால் அந்த வினைல் வண்டிக்கு ஆகாது. நல்ல சரக்கில் கீறல் மயிரிழையாகவே நிற்கும்.

சிவப்பு வெளுத்தது வேறு கதை. பிரிண்டில் சிவப்பு என்பது மஜெந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது. வெயிலில் முதலில் தோற்பது இந்த இரண்டு மைகள்தான். சயான் என்ற நீல மையும் கறுப்பும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதனால்தான் பழைய வண்டிகளில் சாமி படத்தின் முகம் நீலம் பாய்ந்து தெரிகிறது. லேமினேஷன் இல்லாமல் ஒட்டியிருந்தால் ஒரு வருடத்தில் வெளுப்பது ஆச்சரியமே இல்லை. பட்டை, எழுத்து போன்ற தனிச் சிவப்பு என்றால் பிரிண்டே வேண்டாம். நிறம் உள்ளேயே ஊறிய கலர் வினைலை பிளாட்டரில் (எழுத்து வடிவில் வெட்டும் மெஷின்) வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அச்சடித்த சிவப்பைவிட நெடுநாள் நிற்கும்.

அளவு: கூண்டு 7 அடி நீளம், 5 அடி உயரம், பின்பக்கம் 4½ அடி அகலம் என்று வைத்துக்கொண்டால் மூன்று முகமும் சேர்ந்து 92½ சதுர அடி. பீடிங்கிலிருந்து (தகட்டின் ஓரச் சட்டம்) அரை அங்குலமாவது உள்ளே தள்ளி ஒட்டுவது நல்லது என்பதால் உயரம் 4 அடி 10 அங்குலம் போதும்; ஐந்தடி ரோலில் இணைப்பே இல்லாமல் வந்துவிடும். சேதாரம் சேர்த்து 20 அடி நீளம், அதாவது 100 சதுர அடி. நாலரையடி ரோல் மட்டும் வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் இரண்டு பக்கங்களிலும் ஆளுக்கோர் இணைப்பு விழும், ஆகவே ரோல் அகலத்தைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

"ஏழு வருட கேரண்டி" என்ற அட்டையையும் அப்படியே நம்ப வேண்டாம். கம்பெனிகள் சொல்லும் வருடக் கணக்கு பெரும்பாலும் குளிர்ந்த நாட்டில், செங்குத்தாக நிற்கும் பரப்புக்கு. வண்டியின் கூரையிலும் பானெட்டிலும் ஆயுள் அதில் பாதிகூடத் தேறாது.

கேள்வி: திருமங்கலத்தில் பிளக்ஸ் கடை. பத்தடி சால்வென்ட் மெஷின், கோனிகா 512ஐ ஹெட். வண்டி ஸ்டிக்கர் ஆர்டர் கூடிவருகிறது. இதிலேயே வினைல் அடிக்கலாமா? புதிதாக வாங்கினால் ஈகோ சால்வென்ட்டா, லேடெக்ஸா, யூ.வி.யா?

பதில்: இருக்கிற மெஷினில் அடிக்கலாம், லாரிப் பக்கத்துப் பெரிய எழுத்துக்கு அது தாராளம். சால்வென்ட் (கரைப்பான்) கலந்த மை வெயிலை நன்றாகவே தாங்கும். சிக்கல் கிட்டத்தில்தான். மை தெளிக்கும் அந்த ஹெட்டின் சொட்டு 30 பிகோலிட்டர், அதாவது பெரிய சொட்டு. இருபதடி தள்ளி நின்று பார்க்கும் பிளக்ஸில் தெரியாத புள்ளிகள், கதவருகே நின்று பார்க்கும்போது முகத்திலும் நிழலிலும் மணல் தூவியது போலத் தெரியும். ஜி.எஸ்.டி. எண் போன்ற சின்ன எழுத்தும் கூர்மையாக வராது. பத்தடி மெஷினில் நாலடி ரோலைப் போட்டால் கோணி ஓடும் தொல்லையும் உண்டு.

யூ.வி. மெஷினை வண்டிக்காக வாங்காதீர்கள். மை விளக்கொளியில் உடனே கெட்டியாகி மேலே படலமாக நிற்கும், ஏ.சி.பி. (அலுமினியம் போர்த்திய பிளாஸ்டிக் தகடு), சன்போர்டு, அக்ரிலிக் போன்ற தட்டையான பலகை வேலைக்கு அது ராஜா. வளைவில் இழுத்து ஒட்டும்போது அந்தப் படலம் விரியாமல் வெடிக்கும். இழுபடும் யூ.வி. மைகள் வந்திருக்கின்றன, ஆனால் வழக்கமாக மெஷினோடு தருவது அதுவல்ல.

லேடெக்ஸ் நீர் சார்ந்த மை. சூட்டில் மெஷினுக்குள்ளேயே காய்ந்து வெளிவரும், உடனே லேமினேஷன் போடலாம், வாடை இல்லை. காலையில் ஆர்டர், மாலையில் டெலிவரி என்று ஓடும் கடைக்கு அது சொர்க்கம். மெஷின் விலையும் கரண்ட் பில்லும் சேர்ந்து பார்க்கும்போது, தினமும் வினைல் ஓடாத கடைக்குக் கட்டாது.

உங்கள் நிலைமைக்கு ஆறடி ஈகோ சால்வென்ட்தான் (காட்டம் குறைந்த சால்வென்ட் மை) எங்கள் ஓட்டு. ஹெட்டில் எக்ஸ்பி600 விலை குறைவு, ஆயுளும் குறைவு. ஐ3200 விலை கூட, வேகமும் ஆயுளும் கூட. வருமானம் இதை நம்பித்தான் என்றால் ஐ3200 எடுங்கள். மெஷின் அறைக்கு ஏ.சி. வேண்டும்: 20–28 டிகிரி, ஈரப்பதம் 40–60 சதவீதம். பங்குனி, சித்திரையில் நம் ஊர்க் காற்று வறண்டிருக்கும்போது மூடியில் உட்கார்ந்திருக்கும் ஹெட்டின் துளைகள் காய்ந்துபோகும். தினமும் ஒரு நாசில் செக் (துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று அடித்துப் பார்ப்பது); ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். எர்த்திங்கைத் தனியாகப் போடுங்கள். வறண்ட காற்றில் வினைல் உரசி நிலைமின்சாரம் ஏறினால் மைத்துளிகள் சிதறி, எழுத்தோரத்தில் புகை படிந்தது போல ஆகும்.

இந்த மையில் எல்லோரும் தவறுவது காய விடுவதில். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்ததாக அர்த்தமில்லை. சால்வென்ட் வினைலுக்குள் இறங்கியிருக்கும். குறைந்தது 24 மணி நேரம், கார்த்திகை மழைக்காலத்தில் 48 மணி நேரம், ரோலைத் தளர்வாகச் சுற்றி நட்டமாக நிறுத்துங்கள். அவசரப்பட்டு லேமினேஷன் போட்டால் உள்ளே மாட்டிய சால்வென்ட் வினைலையும் பசையையும் இளக்கிவிடும்; ஒட்டும்போது ரப்பராக இழுபடும், அடுத்த மாதம் ஓரம் சுருளும். கறுப்பும் கருநீலமும் அடர்த்தியாக உள்ள டிசைனில் இது இன்னும் மோசம். ரிப் சாஃப்ட்வேரில் (டிசைனை மெஷினுக்கு மாற்றித் தருவது) அந்த வினைலுக்குரிய மை அமைப்பான புரொஃபைலைப் போட்டு மையின் மொத்த அளவைக் கட்டுப்படுத்துங்கள். "அடர்த்தியா அடி" என்று வாடிக்கையாளர் சொன்னாலும் இதில் பணியக் கூடாது.

பட்ஜெட் போடும்போது கோல்டு (சூடில்லாமல் அழுத்தி ஒட்டும்) லேமினேஷன் மெஷினுக்கும் கட்டிங் பிளாட்டருக்கும் சேர்த்துப் போடுங்கள். கையில் பணம் குறைவென்றால் பிரிண்டரைத் தள்ளிப்போட்டு இந்த இரண்டையும் முதலில் வாங்கலாம். பிரிண்டை மதுரை டவுனில் அடித்து வாங்கி, லேமினேஷன், வெட்டு, ஒட்டு மூன்றையும் நீங்களே செய்தால் தரமும் லாபமும் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: உசிலம்பட்டியில் பூ வியாபாரம். பழைய பொலிரோ பிக்கப்புக்கு இப்போதுதான் பெயிண்ட் அடித்தோம். முகூர்த்த சீசனுக்குள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாளைக்கே ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். பெயிண்ட் பூத்தில் (மூடிய அறை) சூடேற்றி உலர்த்திய பெயிண்ட் என்றால் ஒரு வாரம். மரத்தடி ஷெட்டில் அடித்து வெயிலில் காய வைத்த எனாமல் என்றால் மூன்று, நான்கு வாரம். அதற்குள் ஒட்டினால் பெயிண்ட்டிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியின்றி ஸ்டிக்கருக்கு அடியில் கொப்புளங்களாக நிற்கும். குத்திவிட்டாலும் மறுநாள் வேறிடத்தில் எழும். பிறகு ஸ்டிக்கரை உரித்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.

சந்தேகமிருந்தால் ஒரு துண்டு வினைலை ஒட்டி, ஒரு நாள் கழித்து ஹீட் கன்னால் மிதமாகச் சூடு காட்டுங்கள். கொப்புளம் எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். சீசன் அவசரத்துக்குக் கதவில் மட்டும் காந்தத் தகட்டில் பெயர் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் பெயிண்ட் இறுகியிருக்க வேண்டும், தகடு இரும்பாக இருக்க வேண்டும். அலுமினியத்திலும் ஃபைபரிலும் காந்தம் பிடிக்காது. தினமும் எடுத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அடியில் ஈரம் நின்றால் பெயிண்ட்டில் தடம் விழும்.

கேள்வி: மேலூரில் லாரி வைத்திருக்கிறேன். மரப் பாடி. ஸ்டிக்கர் நிற்குமா?

பதில்: நிற்காது. பலகை இடுக்கு, ஆணித்தலை, மழையில் ஊறிக் காயும் மரம் எதுவுமே வினைலுக்கு ஒத்துவராது. நல்ல பெயிண்டரைக் கூப்பிட்டு எனாமலில் எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையில் எந்த மெஷினும் அவருக்குச் சமமில்லை. படம் வேண்டுமென்றால் 3 மி.மீ. ஏ.சி.பி. தகட்டில் ஒட்டி, அதை ஸ்குரூ போட்டு மாட்டுங்கள்.

கேள்வி: ஆரப்பாளையம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். ரெக்சின் கூரையின் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு மாதத்தில் உரிந்துவிடுகிறது, ஏன்?

பதில்: ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்துகொண்டே இருக்கும். அது பசையை இளக்கிவிடும். எந்தக் கம்பெனி ஸ்டிக்கரானாலும் இதே கதைதான். துணிக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவரிடம், பி.வி.சி. மை இருக்கிறதா என்று கேட்டு, ரெக்சின் தைப்பதற்கு முன்பே அச்சடிக்கச் சொல்லுங்கள். பம்பர் போன்ற கறுப்பு பிளாஸ்டிக்கிலும் இதே தொல்லை வரும். அங்கே சாதாரணப் பசை பிடிக்காது. வேறொரு கம்பெனியின் விளம்பரத்தை ஒட்டிச் சம்பாதிப்பதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பற்றி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வில்லாபுரத்தில் டிசைன் சென்டர். நாங்கள் அனுப்பும் தமிழ் எழுத்துகள் பிரிண்ட் கடையில் உடைந்து வருகின்றன. வண்டிக்குத் தமிழ் எழுத்து எந்த அளவு வைக்க வேண்டும்?

பதில்: உடைவதற்கு இரண்டு காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடித்ததைப் பழைய சாஃப்ட்வேரில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எதில் அடித்தாலும் அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ் ஆக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி, பி.டி.எஃப். ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புள்ளி காணாமல் போவது அப்போதுதான் கண்ணில் படும்.

அளவுக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கான வழக்கமான கணக்கு. தமிழில் ண, னை, ஞ போன்றவற்றின் சுழி தூரத்தில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்று வையுங்கள். ரிங் ரோட்டில் நாற்பதடி பின்னால் வருகிறவர் கடைப் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் ஆறு அங்குலம். தடித்த எழுத்துரு வேண்டாம். சுழிக்குள் வெளிச்சம் தெரிகிற எழுத்துரு வேண்டும்.

பிளாட்டரில் வெட்டும்போது மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனியுங்கள். ஓர் அங்குல எழுத்தில் புள்ளி 3 மி.மீ.தான் வரும், கழிவை உரிக்கும்போதே பாதிப் புள்ளிகள் கையோடு வந்துவிடும், மிச்சம் முதல் வாட்டர் சர்வீஸில் போகும். புள்ளியை மட்டும் 6 மி.மீ.க்குக் குறையாமல் பெரிதாக்குங்கள், அல்லது அந்தச் சின்ன வரிகளைப் பிரிண்ட் செய்து, பின்னணி நிறத்தோடு ஒரே துண்டாக வெட்டுங்கள்.

கேள்வி: அவனியாபுரத்தில் ஒட்டும் வேலை செய்கிறேன். மே மாதத்தில் கொப்புளம், சுருக்கம், இணைப்பு நிமிர்வது என்று ரிப்பேர் ஓய்வதில்லை.

பதில்: நேரத்தை மாற்றுங்கள். தகடு 35 டிகிரியைத் தாண்டினால் பசை தொட்டதும் கவ்விக்கொள்ளும், தூக்கித் திருத்த முடியாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடியுங்கள், அல்லது முந்தின இரவே வண்டியை ஷெட்டுக்குள் விடச் சொல்லுங்கள். வெயிலில் நின்று வந்த வண்டிமேல் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து உடனே ஒட்டுவது வேண்டாம். மடிப்பிலும் ரிவெட்டிலும் நிற்கும் தண்ணீர் பிறகு வெளிவரும்.

சுத்தம் செய்வது முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும். ஒரு துணியால் தடவி, அது காயும் முன் இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காய விட்டால் அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும், தின்னர் எனாமலைக் கரைக்கும்.

பசையில் காற்றுப் போகும் நுண்ணிய வாய்க்கால் உள்ள வினைல் என்றால் (பின்தாளை உரித்துச் சாய்த்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும்) உலர்வாகவே ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீர் தெளித்தால் வாய்க்கால்கள் அடைபட்டு, அந்த விலை கொடுத்ததே வீண்.

இணைப்பில் அரை அங்குலம் ஏற்றி ஒட்டுங்கள். பின்பக்கத் துண்டை முதலில், முன்பக்கத் துண்டை அதன் மேல்; கீழ்த்துண்டை முதலில், மேல்துண்டை அதன் மேல். அப்படியென்றால் ஓடும்போது காற்றும், மழையில் தண்ணீரும் இணைப்புக்குள் புகாது. மூலைகளைக் கூராக விடாமல் வட்டமாக வெட்டுங்கள். டீசல் டாங்க் மூடியைச் சுற்றி ஓர் அங்குலம் காலியாக விடுங்கள். வழிகிற டீசல் ஓரத்துப் பசையைத் தின்றுவிடும்.

பள்ளத்தில் காஸ்ட் வினைலை இழுத்து ஒட்டியிருந்தால், முடிந்த பிறகு அந்த இடத்தை மட்டும் 90 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். அப்போதுதான் அது பழைய வடிவத்தை மறக்கும். கையால் தொட்டுக் கணக்கிட முடியாது, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டிய வண்டிக்கு மூன்று நாள் வாட்டர் சர்வீஸ் வேண்டாம். அதன்பிறகும் ஊசி போலப் பீய்ச்சும் கன்னை ஓரத்துக்கு நேராகப் பிடித்தால் எந்த ஸ்டிக்கரும் தாங்காது. ஓரடியாவது தள்ளி, விசிறியாக விரியும் நாசிலில் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாட்டுத்தாவணியில் டிராவல்ஸ். வேனின் கலரையே ஸ்டிக்கரால் மாற்றி, பின்கண்ணாடியிலும் ஓட்டை ஓட்டையான ஸ்டிக்கர் ஒட்டலாமா? பழைய ஸ்டிக்கரை எப்படி எடுப்பது?

பதில்: வண்டியின் நிறமே மாறுவதாக இருந்தால் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) நிறுத்துவார்கள். பெயர், படம், பட்டை என்ற அளவில் அந்தச் சிக்கல் இல்லை. கண்ணாடியில் ஒட்ட வேண்டாம். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. ஓட்டை ஸ்டிக்கர் அந்த அளவுக்குக் கிட்டவே வராது. நம்பர் பிளேட், விளக்குகள், ஒளிரும் டேப் எதன் மேலும் ஸ்டிக்கர் படக் கூடாது. டேப்பில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்ற முறை இருப்பதால், முன்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டிவ் எழுத்தும் வேண்டாம்.

பழையதை ஹீட் கன்னால் 60 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பசை தகட்டிலேயே தங்கிவிடும். துண்டு துண்டாக நொறுங்கினால் அது வெயிலில் செத்த மோனோமெரிக், பொறுமையாக பிளாஸ்டிக் பிளேடால் சுரண்ட வேண்டியதுதான். மிச்சப் பசைக்கு மண்ணெண்ணெய் போடலாம், ஆனால் பிறகு சோப்பும் ஆல்கஹாலும் போட்டுக் கழுவாமல் புதியதை ஒட்டக் கூடாது. அடியில் பெயிண்ட் வெளுக்காமல் பழைய எழுத்து நிழலாகத் தெரியும். பாலிஷ் போட்டால் ஓரளவு மறையும், புதிய டிசைனில் அந்த இடத்தை மூடிவிடுவது அதைவிடச் சுலபம். பாலிஷ் போட்டால் அதில் உள்ள சிலிக்கானைத் துடைத்தெடுத்த பிறகே ஒட்டுங்கள்.